ஒரு வருஷக் கோபம்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியிலேயே சற்றுக் கண்ணை மூடினால் எனக்கு இப்போதும் ஓர் ஒலிபெருக்கிக் குரல் கேட்கிறது. எங்கோ தூரத்தில் தொடங்கும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் தெளியும், திரும்பினால் தேய்ந்துபோகும். "அன்பார்ந்த பொதுமக்களே" என்பதுவரை கேட்கும். அடுத்து என்ன வருகிறது என்று காது கொடுப்பதற்குள் சிமெண்டு லாரி ஒன்று குறுக்கே போய்விடும். விழித்துப் பார்த்தால் தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள். அரியலூரில் அந்தக் காலத்தில் எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். என் சட்டப் புத்தகங்களின் மேல் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே படிந்திருந்தது. வக்கீல் தொழில் எனக்கு அப்படி நடந்தது.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் உடையார்பாளையம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மைக்செட் வைத்திருந்தவர். ஒரு பழைய வேன், அதன் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். கோயில் திருவிழா, ரேஷன் கடை அறிவிப்பு, தொலைந்துபோன ஆடு, செத்துப்போன மிராசுதார் எல்லாவற்றுக்கும் ஒரே குரல்தான். ஆட்டுக்கு அவசரமும் மிராசுதாருக்குத் துக்கமும் அவர் சேர்த்துக்கொள்ள மாட்டார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார்.

அவரால் எதையும் சொல்லாமல் செய்ய முடியாது. என் அலுவலகத்துக்குச் சாயங்காலம் வருவதென்றால் காலை பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பிவிடுவார். வந்தபிறகு, "சார், உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். "சார், தண்ணி குடிச்சுக்கறேன்" என்பார். "சார், ஒண்ணு கேக்கப் போறேன்" என்பார். நான் பொறுமை இல்லாதவன். "கேளுங்கண்ணே, கேக்கறதுக்கு முன்னாடி கேக்கப் போறேன்னு சொன்னா நான் எத்தன தடவ தலையாட்டறது?" என்று எரிந்து விழுவேன். அவர் அதற்கும் தலையாட்டிவிட்டுத்தான் கேட்பார்.

ஒருமுறை அவருக்கும் அவருடைய மச்சானுக்கும் வாய்க்கால் தண்ணீர் விஷயத்தில் மனஸ்தாபம். இவர் வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், "மச்சான், ஞாயித்துக்கெழம காலையில ஒங்களோட சண்ட போட வர்றேன். வெளியூரு எங்கயும் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனால் அங்கே கோழி அடித்துக் குழம்பு வைத்திருக்கிறார்கள். மச்சான் வாசலிலேயே நின்று, "சாப்புட்டுட்டுப் போடலாம் வாங்க" என்றாராம். சாப்பிட்டு முடித்ததும் தூக்கம் வந்துவிட்டது. சண்டை நடக்கவே இல்லை.

"முன்கூட்டியே சொல்லிட்டா அவங்களுக்கும் யோசிக்க ஒரு நேரம் கெடைக்குமில்ல சார்?" என்றார் என்னிடம். அவர் வாழ்க்கையில் அது பலமுறை பலித்திருந்தது. அதனால்தான் அவ்வளவு நம்பினார்.

காரணம் இன்னொன்றும் உண்டு. அவருடைய அப்பா இழவு சொல்லப் போகிறவர். ஊரில் யார் இறந்தாலும் தா.பழூர் வரைக்கும், அதற்கு அப்பாலும், கால்நடையாகப் போய் சொந்தபந்தங்களுக்குச் சொல்லிவிட்டு வர வேண்டும். "எந்த வூட்டுலயும் எங்கப்பாவ உள்ள வுட்டதில்ல சார். வாசலுக்கு அந்தாண்ட நின்னுதான் சொல்லுவாரு. ஆனா ஒண்ணு பாத்துக்குங்க. அவரு சொல்ற வரைக்கும் அந்த வூட்டுக்காரங்களுக்கு அந்தச் சாவு நடக்கல. அவரு சொன்னப்புறம்தான் அழுவாங்க." பிறகு மைக் பிடிக்கிற கையை விரித்துக் காட்டினார். "இப்ப நான் எந்த வாசல்லயும் நிக்கறதில்ல. வேனுல ஒக்காந்தபடியே சொல்றேன். எல்லா வூட்டுக்குள்ளயும் போவுது."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை.

அவர் என்னிடம் வந்தது சுடுகாட்டுப் பாதைக்காக. அவர்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற வண்டிப்பாதை ஒரு முந்திரித்தோப்பை ஒட்டிப் போகும். தோப்புக்காரர் ஒரு வருஷம் இந்த முனையில் வேலி போட்டார், மறு வருஷம் அந்த முனையில் போட்டார், அதோடு பாதை தோப்புக்குள் போய்விட்டது. அப்புறம் பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கித்தான் போக வேண்டும். வெயில் காலத்தில் பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஓடையில் மார்பளவு தண்ணீர் போகும். ஒருமுறை அவர் சித்தப்பாவின் பாடையை ஓடை இழுத்துக்கொண்டுபோக, ஆட்கள் நீந்திப் போய்ப் பிடித்திருக்கிறார்கள். கரையில் நின்று அதைப் பார்த்தவர் அவருடைய அக்கா.

தாயில்லாத பிள்ளையாக இவரை வளர்த்தது அந்த அக்காதான். நான் பார்க்கும்போது இடுப்பெலும்பு ஒடிந்து படுக்கையில் இருந்தார். வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "வக்கீலு தம்பி, எனக்குச் சாவு பயமில்ல, தண்ணிதான் பயம். சின்னப் புள்ளையில கெணத்துல வுழுந்தவ நான். பாதைய வாங்கிக் குடுத்துடுங்க. அதுவரைக்கும் இழுத்துப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கறேன்" என்றார். பிறகு தம்பியைக் காட்டி, "இவன் ஊருக்கெல்லாம் சொல்லுவான், எமன்கிட்ட மட்டும் சொல்லிடாதன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்று சிரித்தார்.

ஐகோர்ட்டில் எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. எட்டு வாரத்துக்குள் தாசில்தார் வேலியை அகற்ற வேண்டும், அதன்பிறகு எந்தக் காலத்திலும் தோப்புக்காரர் அந்தப் பாதையை மறிக்கக் கூடாது. அவர் இரண்டு நாள் சுற்றுவட்டாரம் முழுவதும் வேனில் போய் அறிவித்தார். தீர்ப்பு தந்த நீதிமன்றத்துக்கு நன்றி சொன்னார், எனக்கு நன்றி சொன்னார். "வழக்கைக் கடைசிவரை எதிர்த்து நடத்திய தோப்புக்கார ஐயா அவர்களுக்கும்" நன்றி சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

எட்டு வாரம் போனது. வேலியில் ஒரு முள்ளும் அசையவில்லை.

அவரை அழைத்து உட்காரவைத்து விளக்கினேன். "அண்ணே, கோர்ட்டு உத்தரவ மதிக்கலன்னா அது நீதிமன்ற அவமதிப்பு. நாம கேஸு போடலாம். ஆனா ஒரு வருஷத்துக்குள்ள போட்டுடணும். அந்த எட்டு வாரம் முடிஞ்ச நாளுலேர்ந்து கணக்கு. ஒரு வருஷம் தாண்டிட்டா கோர்ட்டு எடுக்காது."

அவர் விரலை மடக்கி மாதக் கணக்குப் பார்த்தார். "அப்ப கோர்ட்ட அவமதிச்சா கோர்ட்டுக்கு ஒரு வருஷந்தான் கோவம் இருக்குமா சார்?"

"ஆமாண்ணே. அதுக்கு மேல இருக்காது."

"நல்ல மனசுதான்" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிரமாணப் பத்திரத்தைத் தயார் செய்தேன். அவர் கையெழுத்துப் போட்டால் மறுநாளே சென்னைக்கு அனுப்பிவிடலாம். "தாசில்தார் ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்து போட்டுடறேன் சார்" என்றார். வக்கீல் நோட்டீஸ் ஏற்கெனவே போயாகிவிட்டது என்றேன். "அது தபால்காரரு குடுத்தது சார். நான் சொல்லலியே" என்றார்.

அவர் போன விதத்தைப் பிற்பாடு தாலுகா ஆபீஸ் பியூன் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, கையில் பித்தளைத் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம். மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருக்கிறார் என்று நினைத்துத் தாசில்தார் எழுந்தே நின்றுவிட்டார். இவர் தட்டை நீட்டி, "ஐயா, ஒங்க மேல கோர்ட்டு அவமதிப்பு கேஸு போடலாம்னு இருக்கோம். பெரியவங்க நீங்க, மத்தவங்க சொல்லித் தெரியக் கூடாது. அதான் நேர்ல வந்தேன்" என்றிருக்கிறார். நீட்டின தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் தாசில்தார் வெற்றிலையை எடுத்துக்கொண்டார். எலெக்சன் வேலை முடியட்டும், ஒரு மாதம் டயம் கொடுங்கள் என்று கேட்டார்.

"வெத்தலைய எடுத்துக்கிட்டாரு சார்" என்று முகம் மலர வந்தார் இவர். வெற்றிலையைக் கையில் வாங்கினவர் வாக்கு மாற மாட்டார் என்பது அவருக்குச் சூரியன் உதிப்பதுபோல நிச்சயம்.

ஒரு மாதம் முடிவதற்குள் அந்தத் தாசில்தாரை மாற்றிவிட்டார்கள். புதியவர் வந்தார். மறுபடியும் தட்டு, மறுபடியும் பழம். அந்தச் சமயத்தில்தான் அரியலூரைப் பெரம்பலூரிலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கினார்கள். ஃபைல்களைக் கட்டுக்கட்டாக லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். எந்தக் கட்டில் எந்த ஊர் இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் கேட்ட டயத்தையெல்லாம் இவர் கொடுத்தார். பிறகு மூன்றாமவர் வந்தார். என் மேஜையில் பிரமாணப் பத்திரம் தூசி படிந்து கிடந்தது.

"அண்ணே, வருஷம் முடியப் போவுது! அவமதிச்சவங்கிட்டயே போயி எத்தன தடவ உத்தரவு வாங்குவீங்க?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். பக்கத்து டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"உத்தரவு வாங்கல சார், தகவல்தான் சொல்றேன். இந்த ஐயா புதுசு. இவருகிட்ட சொல்லாம இவரு மேல எப்படிப் போடறது?"

கடைசி வாரம் அந்தப் புது ஐயா மகள் கல்யாணத்துக்காக லீவில் போயிருந்தார். கல்யாண வீட்டில் போய்க் கேஸ் பேச்சு எடுப்பது முறையில்லை என்று இவர் காத்திருந்தார். அவர் திரும்பி வந்ததும் தட்டோடு போய்ச் சொல்லிவிட்டு, நேராக என்னிடம் வந்து, "இப்ப கையெழுத்துப் போடறேன் சார்" என்றார். கெடு முந்தின வாரமே முடிந்திருந்தது.

இருந்தாலும் மனு போட்டோம். நானே சென்னைக்குப் போனேன். காலவரம்பு கடந்துவிட்டது என்று தள்ளுபடி ஆக ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பி வரும்போது பெரம்பலூரில் இறங்கினேன். ஏதோ ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு வந்திருந்த மைக்செட் அண்ணன் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் வேனோடு காத்திருந்தார். ஏறிக்கொண்டேன். அரியலூர் சாலையில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பருத்தி வெடித்து வெள்ளைவெளேர் என்று கிடந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். வேன் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சாலை அன்று முடியவே முடியாது போலிருந்தது எனக்கு.

"அப்ப கோர்ட்டுக்குக் கோவம் போயிருச்சா சார்?"

எங்களுக்கு நடுவில் கிடந்த மைக்கை அவர் அணைக்க மறந்திருக்கிறார். அந்தக் கேள்வி தலைக்கு மேலிருந்த இரண்டு குழாய்களிலிருந்தும் புறப்பட்டுப் பருத்திக்காடு முழுவதும் போனது. பஞ்சு எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் முதலில் மைக்கை அணைத்தேன்.

உத்தரவை நிறைவேற்றக் கேட்டு இன்னொரு மனு போட்டோம். அது இழுத்தது. இதற்குள் மாவட்டத்தை மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். கடைசியில் துடியான ஒரு பெண் தாசில்தார் வந்தார். தட்டு நீட்டியபோது, "இதெல்லாம் எதுக்குங்க?" என்று சிரித்துவிட்டு, அந்த வாரமே பொக்லைனோடு வந்து வேலியைப் பிடுங்கிப் போட்டார். தோப்புக்காரர் தூரத்தில் கைகட்டி நின்று பார்த்தார்.

அன்றைக்கே இவர் அக்காவைத் தூக்கி வேனில் படுக்கவைத்து, அந்தப் பாதையில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். முந்திரி பூத்திருந்த நேரம். நானும் உள்ளே இருந்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு வாசனையை இழுத்து இழுத்து விட்டார். "நல்லாத்தான்டா இருக்கு, குலுக்கல் இல்லாம. நான் எப்ப வேணா கெளம்பலாம்" என்றார். அவருக்கு அப்போது மகா நிம்மதி. அந்தப் பயணத்தை நான் கனவில் பலமுறை மறுபடியும் போயிருக்கிறேன்.

அக்கா ஐப்பசியில் இறந்தார், விடாத மழை நாளில். இவர் காலையிலேயே வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தன் அக்காவின் சாவையும் அதே குரலில்தான் அறிவித்தார். "அன்னாரின் இறுதி ஊர்வலம் மாலை நான்கு மணியளவில், முந்திரித்தோப்புப் பாதை வழியாக நடைபெறும்." தோப்புக்காரர் வீட்டு வாசலிலும் வேனை நிறுத்திச் சொன்னார்.

நான்கு மணிக்குப் பாடையைத் தூக்கிக்கொண்டு போனால், பாதை முனையில் புது முள்வேலி. பின்னால் தோப்புக்காரரின் ஆட்கள் கம்போடு நின்றார்கள். காலையில் நேரத்தையும் வழியையும் சொன்னது இவர்தான். வேலி கட்ட அவர்களுக்குத் தாராளமாக நேரம் இருந்தது. நான் தாலுகா ஆபீசுக்கும் போலீசுக்கும் போன் தேடி ஓடினேன். வருகிறோம் என்றார்கள். மழை வலுத்தது. பொழுதும் இருட்டிக்கொண்டு வந்தது. காத்திருக்க முடியவில்லை.

ஓடைக்குத் திரும்பினார்கள். முன்பக்கக் கொம்பை இவர் தோளில் வைத்திருந்தார். கரையில் ஒரு நிமிஷம் நின்று, தலையைத் திருப்பி, பாடையில் இருந்தவரிடம் சொன்னார்:

"அக்கா, தண்ணியில எறங்கப் போறோம்க்கா. கொஞ்சம் குளிரும். நான் கெட்டியாப் புடிச்சிருக்கேன்."

நான் குடையை மடக்கிவிட்டு மழையில் நின்று அழுதேன்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கண்டக்டரிடம் சொல்லி அனுப்பவில்லை. உட்காருகிறேன் என்று சொல்லாமல் உட்கார்ந்தார். பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். எனக்குப் பயமாக இருந்தது.

"இது புதுசா மறிச்சதுதான சார்?"

"ஆமாண்ணே. மறிக்கவே கூடாதுன்னு தீர்ப்புல இருக்கு. இது தனி அவமதிப்பு. மறிச்ச நாளுலேர்ந்து புதுசா ஒரு வருஷம்."

"காயிதத்தக் குடுங்க."

அன்றே டைப் அடித்தேன். அன்றே கையெழுத்துப் போட்டார். வாசல்வரை போய்த் திரும்பி, "யாருக்கும் சொல்லாதீங்க சார். கோர்ட்டு ஆளு வந்து சொல்லட்டும்" என்றார். எனக்கு அது வெற்றியாகவே படவில்லை. இத்தனை நாள் கத்திக் கத்தி நான் கேட்டதைத்தான் அவர் அன்று செய்தார். ஆனால் எனக்கு அந்தப் பழைய மனுஷன்தான் வேண்டியிருந்தார்.

இந்தமுறை நீதிமன்றம் விடவில்லை. தோப்புக்காரர் சென்னையில் கூண்டருகே நின்று நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டார். வேலி போனது, பாதையின் இரண்டு ஓரமும் கல் நட்டார்கள். அதன்பிறகு யாரும் தொடவில்லை. அவர் வேனை மகனிடம் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். என் அலுவலகம் பக்கம் அவர் வருவது குறைந்து, பிறகு நின்றேபோனது. ஊர்ப்பக்கம் யாரையாவது பார்த்தால், "அண்ணன் எப்படி இருக்காரு?" என்பேன். "இருக்காருங்க" என்பார்கள்.

அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமான சமயம். ஊரே வெடி வெடித்துக்கொண்டிருந்தது. தெருவில் அந்தப் பழைய வேன் வந்தது. "அன்பார்ந்த பொதுமக்களே" என்ற குரல் கேட்டு, எனக்கு இருந்த சந்தோஷத்தில் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன். உள்ளே அவர் மகன் இருந்தான். குரல் அப்படியே அப்பாவினுடையது.

"அப்பா எப்படிப்பா இருக்காரு?"

அவன் மைக்கை அணைத்தான். சரியாக அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"அப்பா போயிட்டாங்க சார். ரெண்டு மாசம் ஆவுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்ப்பா, அவரு சாவ எனக்குச் சொல்லக் கூடாதா? ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷனாச்சே!"

"அப்பாதான் சார் சொன்னாங்க. மைக்குல சொல்லாதீங்க, யாருக்கும் ஆளு அனுப்பாதீங்க, மொதல்ல அந்தப் பாதை வழியா கொண்டுபோயி வச்சிடுங்க, அப்பறமா மொள்ள சொல்லிக்கலாம்னு." அவன் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது சார். யாரும் மறிக்கல. ஒங்களுக்குத்தான் சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். இப்பதான் சொல்றேன்."

வேன் போய்விட்டது. எங்கோ வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த இரண்டு மாதமும் அவர் ஊர்ப்பக்கத்து ஆள் யாரும் என் கண்ணில் படவில்லை; ஒருநாள் வருவார், முதல்நாள் சொல்லி அனுப்புவார் என்று நினைத்திருக்கிறேன். அவருடைய அப்பா வந்து நின்ற வாசல்களைப் போலத்தான் என் வாசலும் இருந்திருக்கிறது. மகன் வந்து சொன்ன அன்றுதான் அவர் எனக்குச் செத்துப்போனார். வெறுங்காலோடு தெருவில் நின்றுகொண்டு, அதற்குப் பிறகுதான் அழுதேன்.